டிரைவர் எங்கும் போய்விடவில்லை

சென்ற மாதம் மும்பை செம்பூரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தம் கணினியின் கேபினெட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு சயானில் உள்ள என் கடைக்கு வந்தார். ஞாயிறுதோறும் தம் கட்டடத்துக் குழந்தைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் அவர்; குழந்தைகளைப் பாடச் சொல்லிக் கணினியில் பதிவு செய்து, மறுவாரம் அதைப் போட்டுக் காட்டித் திருத்துவது அவருடைய முறை. "தம்பி, சவுண்ட் டிரைவர் போயிடுச்சு, ரெண்டு பேர் பார்த்தும் சரியாகலை" என்றார். கணினியின் ஒலிப் பகுதியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளைத்தான் சவுண்ட் டிரைவர் என்கிறோம். முதலில் பார்த்தவர் இணையத்திலிருந்து 'டிரைவர் அப்டேட்டர்' என்ற வகை மென்பொருள் ஒன்றை இறக்கி, அதற்கான ஆண்டுச் சந்தாவையும் பெரியவரின் கார்டிலேயே கட்ட வைத்திருக்கிறார். அடுத்து வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஃபார்மட் போட்டு, அதாவது வட்டில் இருந்ததை அழித்து, விண்டோஸை முதலிலிருந்து நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகும் சத்தம் வரவில்லை. டெஸ்க்டாப்பில் கிடந்த பதிவுகள் மட்டும் போய்விட்டன.

என் மேசையில் என்னுடைய மானிட்டரையும் ஸ்பீக்கரையும் இணைத்துக் கணினியை இயக்கியதும் சத்தம் கணீரென்று வந்தது. ஆகவே பழுது கேபினெட்டுக்குள் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, "வீட்டில் எதையாவது புதிதாக மாற்றினீர்களா?" என்று கேட்டேன். மகன் புது மானிட்டர் வாங்கித் தந்திருக்கிறான் என்றார். அன்று மாலை அவருடைய வீட்டிற்கே போய்ச் சவுண்ட் பகுதியைத் திறந்து பார்த்தபோது, ஒலி வெளியேறும் சாதனமாக அந்த மானிட்டரின் பெயர் தேர்வாகியிருந்தது. பாட்டைப் போட்டதும் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் கோடுகள் ஏறி இறங்கி ஆடின. கணினி ஒழுங்காகப் பாடிக்கொண்டுதான் இருந்தது. கணினியை மானிட்டரோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தோடு ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோகும். அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது, பின்புறத்தில் ஹெட்ஃபோன் துளை ஒன்று மட்டும் இருந்தது. பட்டியலில் அதற்குக் கீழே இருந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதே கதையின் வேறுவேறு வடிவங்களை இந்த ஆண்டில் எத்தனை முறை பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சத்தம் வராவிட்டால் 'டிரைவர் போய்விட்டது' என்று சொல்லும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் நான் வேலை கற்றுக்கொண்ட காலம் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் காலம். அன்று விண்டோஸை நிறுவி முடித்தால் கணினி பெரும்பாலும் ஊமையாகத்தான் எழுந்திருக்கும். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டோடு வந்த சிடியைப் போட்டு ஒலிக்கான டிரைவரைத் தனியாக ஏற்றினால்தான் வாய் திறக்கும். "இந்த சிடியைத் தொலைத்துவிடாதீர்கள்" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லி அனுப்புவோம். அன்றைக்கு அது உண்மை. ஆனால் 2004இல் இன்டெல் நிறுவனம் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்ற பொது வரையறையைக் கொண்டுவந்தது. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, அந்த வரையறைப்படி அமைந்த ஒலிச் சில்லுகளுக்குப் பொதுவான டிரைவர் ஒன்றை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே வைத்துவிட்டது. உங்கள் மதர்போர்டில் ரியல்டெக் என்ற நிறுவனத்தின் ஒலிச் சில்லு இருந்து, ரியல்டெக்கின் டிரைவரை நீங்கள் ஏற்றவே இல்லை என்றாலும், 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில் அந்தப் பொது டிரைவர் வந்து உட்கார்ந்துகொண்டு, பாட்டுக் கேட்கவும் பேசவும் போதுமான ஒலியைத் தந்துவிடும். சிடி காலத்து அச்சத்தை இன்னமும் சுமந்துகொண்டிருப்பதற்குக் காரணமே இல்லை.

டிரைவர் என்பது வட்டில் கிடக்கும் சில கோப்புகள்தான். அது மிக்ஸியின் பிளேடு போலத் தேய்வதில்லை, மருந்து போலக் காலாவதியாவதும் இல்லை. நேற்று இரவு வரை வேலை செய்த டிரைவர் இன்று காலையில் தானாகக் காணாமற்போவதில்லை. யாரோ அல்லது எதுவோ அதை மாற்றியிருக்க வேண்டும், அல்லது டிரைவர் இருந்த இடத்திலேயே இருக்க, வேறேதோ மாறியிருக்க வேண்டும். என் கடைக்கு வருவதில் இரண்டாவது வகையே மிக அதிகம். 'உங்கள் டிரைவர்கள் பழையவை, ஆபத்து' என்று சிவப்பு எழுத்தில் கத்துகிற அந்த அப்டேட்டர் மென்பொருள்கள் விற்பது இந்த அச்சத்தைத்தான். பழைய டிரைவர் என்பது பழுதான டிரைவர் அல்ல. அவற்றுள் சில, உங்கள் போர்டுக்குச் சம்பந்தமில்லாத டிரைவரை ஏற்றிவிட்டுப் போவதையும், கூடவே விளம்பர மென்பொருளை இறக்கிவைப்பதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தாராவி தொண்ணூறு அடிச் சாலையில் தையற்கூடம் வைத்திருப்பவர் ஒருவரும் இப்படித்தான் அழைத்தார். அவருடைய கேபினெட் தரையில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் இருந்தது. பெருக்கும்போது கழன்ற ஒயரை யாரோ திரும்பச் செருகியிருக்கிறார்கள். நூல் தூசி அப்பி, பின்புறத் துளைகளின் நிறமே தெரியவில்லை. துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஸ்பீக்கர் ஒயரின் முனை மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளையில் இருந்தது. ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு, வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்க நீலம்: இதை மட்டுமாவது ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டில் ஒட்டிவையுங்கள். மும்பையின் உப்புக்காற்றும் மழைக்காலத்து ஈரமும் இந்தத் துளைகளுக்குள் என்ன செய்கின்றன என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆகஸ்டில் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்பது, ஒயரின் முனையைத் திருகினால் சத்தம் வருவது, கையை விட்டால் போவது ஆகியவை எல்லாம் அதன் அடையாளங்கள், அவற்றை எந்த டிரைவராலும் சரிசெய்ய முடியாது. முன்பக்கத் துளை வேலை செய்யாமல் பின்பக்கத் துளை மட்டும் வேலை செய்தால், கேபினெட்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் முன்பக்க ஆடியோ கேபிளை மாட்டாமல் விட்டிருப்பார்கள். அசெம்பிள் செய்யும் பையன்கள் அவசரத்தில் அதை மறப்பது எங்கள் தொழிலில் சாதாரணம்.

ஆகவே சத்தம் வரவில்லை என்றால், ஸ்பீக்கரின் விளக்கு எரிகிறதா, அதன் ஒயர் முனை பச்சைத் துளையில் இருக்கிறதா, அதே ஸ்பீக்கர் கைப்பேசியில் செருகினால் பாடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று படியுங்கள். புது மானிட்டர், புது கிராஃபிக்ஸ் கார்டு, புளூடூத் ஹெட்ஃபோன் ஆகிய மூன்றில் எது வீட்டுக்குள் நுழைந்தாலும் இந்தத் தேர்வு மாறக்கூடும். அடுத்து, தயவுசெய்து கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். அணைத்து மீண்டும் போட்டேனே என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் 8இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருப்பதால், அது இயங்கும் கணினிகளில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸின் உள்ளகம் டிரைவர்களின் நிலையோடு வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுந்துவரும். முழுவதும் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

இவ்வளவுக்குப் பிறகுதான், கணினியின் சாதனங்களையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் கிடைக்கும். ஒலிச் சாதனங்களின் வரிசையில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லையென்றால், டிரைவர் ஏறியிருக்கிறது, விண்டோஸுக்கு அதில் குறை தெரியவில்லை என்று பொருள். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள், 'எனேபிள்' செய்தால் போதும். மஞ்சள் குறி இருந்தால் அதை இருமுறை அழுத்தி, உள்ளே இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவர் ஏறவில்லை. 10 என்றால் ஏறியும் சாதனம் தொடங்கவில்லை. போர்டிலுள்ள ஒலிச் சாதனத்தின் பெயரே அங்கு எங்கும் காணவில்லை என்றால், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஒலி முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது சில்லே செத்திருக்கலாம். சில்லு செத்திருந்தாலும் மதர்போர்டை மாற்றச் சொல்பவரிடம் ஏமாறாதீர்கள், யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உண்மையிலேயே டிரைவர் கெட்டிருக்கும் நேரங்களும் உண்டு. பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்த மறுநாள் சத்தம் நின்றால் எனக்கும் சந்தேகம் அங்கேதான் போகும். அப்போது அந்தச் சாதனத்தின் 'டிரைவர்' பக்கத்தில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால், 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியிலேயே உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியில் போய், முன்பு சொன்ன 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு செயலிலேயே பல கணினிகள் பேசத் தொடங்கிவிடும். அதுவும் பயன்படாதபோது, மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள். போர்டின் மாடல் தெரியாதென்றால் கேபினெட்டைப் பிரிக்க வேண்டாம். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்டு' என்ற வரிகளில் நிறுவனமும் மாடலும் எழுதியிருக்கும். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்ததை ஒட்டிப் பலர் 11க்கு மாறினார்கள். பழைய போர்டுகளுக்கு அந்தத் தளங்களில் 10க்கான டிரைவர்தான் இருக்கும், அதை 11இல் ஏற்றினாலும் பெரும்பாலும் ஓடும்.

கூகிளில் 'சவுண்ட் டிரைவர் ஹெல்ப்லைன்' என்று தேடி, முதலில் தெரிகிற எண்ணுக்குத் தயவுசெய்து அழைக்காதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். இத்தகைய செயலிகளின் வழியாக வங்கிக் கணக்குகள் சூறையாடப்படுவது குறித்து ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டதென்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

ஃபார்மட் பற்றியும் சொல்லியாக வேண்டும், என் தொழில் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. ஃபார்மட் போடுவதற்கு யோசிக்க வேண்டியதில்லை, யு.எஸ்.பி.யைச் செருகிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரலாம், முழுக் கூலியும் வாங்கலாம். ஒரு நிமிடத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், "இதற்கா காசு?" என்று வாடிக்கையாளரே கேட்பார், அதனால் அவர்களை மட்டும் குறை சொல்வதற்கும் இல்லை. ஆனால் சத்தம் வரவில்லை என்பதற்காக ஒருவர் ஃபார்மட் போடலாம் என்று தொடங்கினால், "எந்த எண்ணுள்ள பிழை வந்தது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், பழைய கோப்புகள் வேண்டும் என்றால், அந்த நொடியிலேயே கணினியை அணைத்துவிடுங்கள். அதன் மேல் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையதன் இடத்தைத் தின்னக்கூடும். சுழலும் தட்டில்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் 'ட்ரிம்' என்ற கட்டளை, அழித்த இடங்களைத் தானே துடைத்துவிடும் என்பதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

பெரியவருடையது நல்லவேளையாகப் பழைய ஹார்டு டிஸ்க். நான்கு நாளாக மீட்பு மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சில பதிவுகள் முழுதாக வந்துவிட்டன, பல பாதியில் அறுந்துபோயிருக்கின்றன, ஒன்றுக்கும் பெயர் மிஞ்சவில்லை. எந்தக் குரல் எந்தக் குழந்தையுடையது என்று அவரே வந்து கேட்டுச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.