நீங்களே வேலை பார்த்த பிறகு எரியும் இன்ஜின் லைட்

நேற்றுவரை எரியாத இன்ஜின் லைட், நீங்கள் பானெட்டைத் திறந்து ஏதோ வேலை பார்த்த மறுநாள் எரிகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கை போன இடத்தைத்தான். கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் கருவி எந்தப் பாகத்தின் பேரைச் சொல்கிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பட்டறைக்கு இப்படி வருகிற வண்டிகளில் பெரும்பாலும் எதுவுமே கெட்டுப்போயிருக்காது. மாட்டாமல் விட்ட கப்ளர் (வயர் இணைப்பு), சரியாக உட்காராத ஹோஸ், இறுக்க மறந்த கிளாம்ப், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் வண்டிக்காரர் புது சென்சார் ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்.

லைட் நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பதற வேண்டாம். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் மிஸ்ஸாகிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற பீங்கான் உருகிப்போகும். பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு கன்வெர்ட்டர் வரை போய்விடும். அதனால் மின்னுகிற லைட்டோடு வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் பிரஷருக்கும் இன்ஜின் சூட்டுக்கும் உள்ள சிவப்பு விளக்குகள் எரிந்தால், ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அங்கே யோசிக்க நேரமில்லை.

சரி, லைட் நிலையாகத்தான் எரிகிறது. பலர் அடுத்துச் செய்வது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது. லைட் அணைந்துவிடும், உண்மைதான். கூடவே எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு லோடில் கோளாறு வந்தது என்று கம்ப்யூட்டர் குறித்துவைத்த பதிவும் பல வண்டிகளில் அழிந்துபோகும். இன்ஜின் தனக்குத்தானே கற்றுவைத்திருந்த ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடுவது) அளவும் போய், வண்டி கொஞ்ச நாள் தடுமாறும். இப்போது அது புதுக் கோளாறா, பழைய கோளாறா என்று எங்களுக்கே குழப்பமாகிவிடும். முதலில் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறு எண்ணை, அதாவது ‘கோடை’ (code), படியுங்கள், அப்புறம் அழியுங்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து கார்களுக்குக் கட்டாயமான அந்த 16 பின் சாக்கெட், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். கோடு படிக்க அதில் சொருகி போனில் பார்க்கிற சின்ன கருவி போதும்.

ஏர் ஃபில்டர் மாற்றியவர்களை எடுத்துக்கொள்வோம். ஸ்கேனரில் பி0102, பி0113 இரண்டும் சேர்ந்து வரும். முதலாவது, காற்றோட்டம் அளக்கும் சென்சாரின் சிக்னல் குறைவு என்கிறது. இரண்டாவது, உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரைப் பற்றியது. இரண்டு சென்சாரும் ஒரே நாளில் போய்விட்டனவா? பல வண்டிகளில் இவை இரண்டும் ஒரே கூட்டில், ஒரே கப்ளரில் இருக்கின்றன. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், கப்ளர் மாட்டவில்லை. மாட்டினாலும் ‘டக்’கென்று பூட்டுகிற சத்தம் கேட்க வேண்டும். பாதி உட்கார்ந்த கப்ளர் பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். கையால் லேசாக இழுத்துப் பார்த்தால்தான் தெரியவரும்.

இன்னொன்று பி0171. எரிபொருளுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்பதுதான் இதற்கு அர்த்தம். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சார் வாங்க ஓடுகிறவர்கள் நிறைய. பாவம், அந்த சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்து தகவல் சொல்லியிருக்கிறது! கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணை ஸ்கேனரில் பாருங்கள். ஐடிலிங்கில் அது பிளஸ் 20 சதவீதம்போல ஏறி நின்று, ஆக்சிலேட்டரை 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5-க்கு இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலிங்கில் இன்ஜின் இழுக்கிற காற்றே கொஞ்சம்தான். அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும், ஆர்பிஎம் ஏறினால் கணக்கில் கரைந்துபோகும். காற்றோட்ட சென்சார் உள்ள வண்டிகளில் இது நல்ல சோதனை. ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் வரை போகும் பெரிய ஹோஸ், அதன் கிளாம்ப், பக்கத்தில் கழற்றிய சின்ன வாக்குவம் ஹோஸ் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் மாற்றியவர்கள் ஆயில் மூடியையும் டிப்ஸ்டிக்கையும் பார்க்க வேண்டும். அவை சரியாக உட்காராவிட்டால் சில இன்ஜின்களில் இதே கோடு வரும்.

ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு பி0302 வந்தால், 2-ஆம் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் தனிக் காயில் இருக்கிற வண்டியென்றால், இன்ஜினை அணைத்துவிட்டு அந்தக் காயிலை 4-ஆம் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0304 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. 2-லேயே நின்றால் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாக்கெட் சாய்ந்து இறுக்கியிருந்தால், வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் ஒன்று தெரியும். கையிலிருந்து கீழே விழுந்த பிளக்கையும் நம்பக் கூடாது.

கார்புரேட்டர் கிளீனரை ஏர் ஃப்ளோ சென்சாரில் அடித்தால் அது கெட்டுப்போகலாம். அதற்கென்றே தனி கிளீனர் இருக்கிறது. சீலன்ட் பூசுகிறவர்கள், ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டைமிங் பெல்ட் மாற்றியபின் பி0016 வந்தால் மட்டும் இதையெல்லாம் முயன்று பார்க்காதீர்கள். பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். சில இன்ஜின்களில் டைமிங் மேலும் நழுவினால் வால்வு பிஸ்டனில் முட்டி வளையும். ஸ்டார்ட் செய்யாமல் அழைத்துச் சொல்லுங்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகும் லைட் உடனே அணையாது. கம்ப்யூட்டர் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் தவறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் அணைக்கும். ஸ்கேனரில் அழித்தால் உடனே அணையும், ஆனால் சில கோளாறுகள் இரண்டாவது ஓட்டத்தில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும். ஐந்து நிமிடம் தெருவைச் சுற்றிவிட்டு சரியாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். புகைச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தால் முந்தைய நாள் கோடை அழிக்காதீர்கள். கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் முடியவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு.

இத்தனைக்கும் பிடிபடவில்லையென்றால் பட்டறைக்கு வாருங்கள், நீங்கள் கழற்றிய பழைய பாகத்தையும் எடுத்துக்கொண்டு. தானே கை வைத்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு “தானாகவே எரிந்தது” என்பவர்கள் நிறையப் பேர். அப்போது நாங்கள் ஒன்றிலிருந்து தேட ஆரம்பிப்போம், அந்த நேரத்துக்கும் கூலி உங்களுடையதுதான். எதைக் கழற்றினீர்கள், எந்த போல்ட் மீந்துபோனது என்று சொன்னால் நேராக அங்கே போய்விடலாம்.