செல் பிரிவதற்கும் நேரம் காலம் உண்டு

குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசை கட்டி நின்று, அப்புறம் இரு பக்கமும் இழுபட்டுப் போகும் படங்களைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். இதைச் சாலமாண்டர் (பல்லி போலிருக்கும் நீர்நில வாழ் பிராணி) லார்வாக்களின் செவுளிலும் வால் துடுப்பிலும் சாயமேற்றிப் பார்த்து விளக்கமாக வரைந்தவர் ஜெர்மனியின் வால்தர் ஃபிளெமிங். அவர் புத்தகம் 1882இல் வந்தது. சாலமாண்டரின் செல்கள் பெரியவை, குரோமோசோம்களும் தடித்தவை. ஆக்சலாட்டல் என்ற வகையின் மரபணுத் தொகுப்பு நம்முடையதைப் போல் சுமார் 10 மடங்கு!

சரி, சாலமாண்டர் லார்வாவின் தோலில் ஆயிரம் செல்லுக்கு எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணினால், காலையில் ஒரு கணக்கு, ராத்திரியில் வேறு கணக்கு வருகிறது. உடனே 'உடலுக்குள் கடிகாரம்' என்று சொல்லிவிட முடியாது. சாலமாண்டர் குளிர்ரத்தப் பிராணி, பகலில் தண்ணீர் கொஞ்சம் சூடானாலே செல்லின் வேலையும் வேகமாகும். அதனால் வெப்பத்தை மாற்றாமல், தொடர்ந்து இருட்டில் வைத்தும் அந்த ஏற்ற இறக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். எண்ணிக்கை கூடினால் நிறைய செல்கள் பிரியத் தொடங்கின என்றும் சொல்லலாம், பிரிகிற செல்கள் மெதுவாக முடிக்கின்றன, அதனால் தேங்கி நிற்கின்றன என்றும் சொல்லலாம். இதைப் பிரித்தறிய கோல்ச்சிசின் கொடுப்பார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்களே, அந்த விதையில் இருக்கும் அதே நஞ்சு. அது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளைக் கட்டவிடாது. பிரிய வந்த செல் பாதியிலேயே நின்றுவிடும், சில மணி நேரம் கழித்து நிற்பவற்றை எண்ணினால் எத்தனை புதிதாக வந்தன என்பது தெரிந்துவிடும்.

கடிகாரம் எப்படிக் குறுக்கிடுகிறது என்பதற்கு எலிகளிடமிருந்து ஒரு நல்ல தடயம் உண்டு. க்ளாக், பிமால்1 என்ற இரு புரதங்கள் சேர்ந்து பெர், க்ரை புரதங்களின் மரபணுக்களை இயக்குகின்றன. பெர், க்ரை பெருகியதும் தங்களை உண்டாக்கியவற்றையே அடக்கும், பின் சிதையும், மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்றுதான் அந்தக் கடிகாரம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம். இதே ஜோடி வீ1 என்ற நொதியின் மரபணுவையும் இயக்குகிறது என்று எலியின் கல்லீரலில் 2003இல் காட்டினார்கள். வீ1 தான் பிரிதலுக்கான பிரேக். அது மிகுந்திருக்கும்போது செல் காத்திருக்கும்.

இதற்காக எல்லாச் செல்லும் தினமும் பிரிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் கடை தினமும் திறந்தாலும் நாம் தினமுமா போகிறோம்? போகிறவர்கள் திறந்திருக்கும் நேரத்தில் போகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் மாதிரியை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று சொல்லாத ஆய்வைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். மருந்து கொடுக்காத பிராணியின் மாதிரியைக் காலையிலும் கொடுத்த பிராணியின் மாதிரியைச் சாயங்காலமும் வெட்டியிருந்தால், கடிகாரம் செய்த வேலைக்கு மருந்து பேர் வாங்கிக்கொண்டு போய்விடும்.