துருவைச் சுரண்டினால் போதாது, உப்பையும் கழுவ வேண்டும்

பழைய ஒஸ்ரின் கார் ஒன்றின் கதவை அடிப்பக்கமாக விரலால் தடவிக்கொண்டு போனால், வழவழவென்றிருக்கும் பெயின்றில் எங்காவது மிளகளவில் ஒரு கொப்புளம் தட்டுப்படும். ஊசியால் குத்தினால் சில வேளை ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரும். அது மழைத் தண்ணீர் போலச் சுத்தமானதல்ல, உப்புக் கரைந்த தண்ணீர். சுற்றிவரப் பெயின்றைச் சுரண்டிப் பாருங்கள். கொப்புளத்தின் அளவைப் போலப் பல மடங்கு அகலத்துக்குத் தகடு கறுத்தும் சிவந்தும் கிடக்கும்.

யாழ்ப்பாணத்து ஏ40களும் மொறிஸ் மைனர்களும் தொண்ணூறுகளில், பெற்றோல் கிடைக்காத காலத்தில், மண்ணெண்ணெயைக் குடித்தே ஓடியவை. எஞ்சின் அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது. தகடுதான் தோற்கிறது. அதுவும் மழையிடம் தோற்பதைவிட உப்பிடம் தோற்பதே அதிகம்.

துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு சின்ன மின்கலம். தகட்டின் ஓரிடத்தில் இரும்பு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகக் கரையும், அது அனோட்டு. அந்த இலத்திரன்கள் தகட்டுக்குள்ளாலேயே ஓடிப்போய், இன்னோரிடத்தில் ஒட்சிசனோடும் தண்ணீரோடும் சேரும், அது கதோட்டு. சுற்று முழுமையாக இரண்டுக்கும் இடையில் அயன்கள் நகர ஒரு திரவம் வேண்டும். சுத்தமான தண்ணீரில் அயன்கள் குறைவு, அதனால் வேலை மெதுவாக நடக்கும். உப்புத் தண்ணீரில் அது பாய்ந்து நடக்கும். போதாததற்கு, குளோரைட்டு அயன் இரும்பின் மேல் தானாக உண்டாகும் மெல்லிய ஒட்சைட்டுப் படையையும் உடைத்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கும் இடம் கதோட்டாகித் தப்பிவிடும். ஒட்சிசன் குறைந்த இடமே அனோட்டாகிக் கரையும். ஒரு துளி உப்புத் தண்ணீரை இரும்பில் விட்டால் அரிப்பது துளியின் விளிம்பையல்ல, நடுவை. மட்காட்டுக்கு உள்ளே அப்பிய சேற்றின் அடியிலும், ரப்பர் விரிப்பின் கீழும், பெயின்ற் விளிம்புக்கு உள்ளேயும் தகடு ஓட்டையாவது இதனால்தான். காற்றுப் படுகிற இடம் சிவந்து பயமுறுத்தும், காற்றுப் படாத இடம் சத்தமில்லாமல் உக்கும். (அப்பிய அந்தச் செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுத்தான். துருவின் உறவுக்காரன் என்றே சொல்லலாம்.)

குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடலோ கடல்நீரேரியோ தூரமில்லை. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது, கடல்நீரேரிக்கு மேலான பண்ணைப் பாலத்தைக் கடந்து வந்த காரின் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் பிசுபிசுப்புத் தெரியும். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு அதைவிடப் பேராசை பிடித்தது, 33 சதவீதமே அதற்குப் போதும். ஆகவே மழையே இல்லாத ஆடி மாதத்திலும், வெய்யில் தகட்டைச் சுடவைக்காத நேரமெல்லாம், உப்புப் படிந்த தகடு நனைந்துதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

கொப்புளத்துக்கும் இதுதான் விளக்கம். பெயின்ற் படலம் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவ விடும். அடியில் உப்பு மாட்டியிருந்தால், வெளியிலுள்ள ஐதான தண்ணீர் உள்ளேயுள்ள செறிந்த கரைசலை நோக்கி நகரும். பள்ளிக்கூடத்தில் படித்த அதே பிரசாரணம். உள்ளே அழுத்தம் ஏற, பெயின்ற் தூக்கிக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் மிச்சத்தை அது பிளந்துவிடும்.

சரி, முற்றத்தில் காரை நிறுத்தி நாமே செய்வதென்றால்? முதலில் இளகிய துருவையெல்லாம் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் எடுக்க வேண்டும். ஐம்பதுகளின் பெயின்றில் ஈயம் இருக்கலாம். முகமூடி கட்டாயம், நனைத்துத் தேய்ப்பது நல்லது. ஸ்குறூட்றைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்னும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதன் மேல் எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு.

குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் துருவுக்குக் கடைகளில் விற்கும் துருமாற்றி உதவும். அதில் இருப்பது பெரும்பாலும் பொசுபோரிக்கமிலம் அல்லது தனின் என்ற தாவரத் துவர்ப்புப் பொருள். அமிலம் துருவை இரும்புப் பொசுபேற்றாக மாற்றும். தனின் அதைக் கருநீலச் சேர்வையாக்கும். வாழைக்காயை இரும்புக் கத்தியால் வெட்டும்போது கத்தியும் கையும் கறுப்பதும், கடுக்காயிலிருந்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். ஆனால் இரண்டும் மெல்லிய துருவைத்தான் மாற்றும். தடித்த படையின் மேற்பரப்பைக் கறுப்பாக்கிவிட்டு அடியை அப்படியே விட்டுவிடும். குழிக்குள் இருக்கும் குளோரைட்டையும் அவை அகற்றுவதில்லை.

உப்பை அகற்றத் தண்ணீர்தான் வேண்டும். எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே முக்கியம். சுண்ணக்கல்லுக்குள் ஊறிவரும் நம் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், அதாவது கல்லின் உப்புகள் கரைந்த தண்ணீர். கரையோரக் கிணறுகளில் உவரும் சேர்ந்திருக்கும். வெறுந் தகட்டை அதனால் கழுவிக் காயவிட்டால் உப்பை அகற்றவில்லை, பூசிவிட்டோம். பீலியில் பிடித்த மழைத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கடைசி அலசலுக்குப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரைப் பயன்படுத்தலாம். ஒரு கதவுக்கு ஒரு போத்தல் தாராளம். பிறகு வெய்யிலில் தகடு சுடும்வரை காயவைத்து, தின்னர்த் துணியால் துடைத்து, அன்றைக்கே பிறைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். நாகம் (துத்தநாகம்) நிறைந்த பிறைமர் என்றால் இன்னும் நல்லது: இரும்புக்கு முன் நாகம் அனோட்டாகித் தன்னையே கொடுக்கும். ஆனால் அது வெறும் இரும்பைத் தொட்டிருந்தால்தான் வேலை செய்யும்.

நெளிவு வேறு விஷயம் போலத் தோன்றினாலும் அதுவும் இங்கேதான் வந்து சேரும். சாதாரண தரத்தில் ஏகார் ஜெலிக்குள் ஆணியை வைத்துச் செய்யும் பரிசோதனை நினைவிருக்கலாம். இரும்பு கரைவதைக் காட்டும் நீல நிறம் முதலில் ஆணியின் தலையிலும் கூரிலும் வளைத்த இடத்திலும்தான் தோன்றும். அடித்தும் வளைத்தும் சிரமப்பட்ட இரும்பு இலகுவாக அனோட்டாகும். நெளிந்த தகடும் அப்படியே. அதோடு நெளிவின் மடிப்பில் பெயின்றும் மயிரிழையாக வெடித்திருக்கும்.

நெளிவை எடுக்கும்போது ஆழமான நடுவில் ஓங்கி அடிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அது தவறு. பெரிய நெளிவின் பெரும்பகுதி உண்மையில் நிரந்தரமாக மாறியதல்ல. சுற்றியுள்ள கூர்மையான மடிப்பு அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த மடிப்பில்தான் அணு வரிசைகள் வழுக்கி இடம்மாறி, உலோகம் கடினமாகியிருக்கிறது. எனவே மடிப்பை, வெளி ஓரத்திலிருந்து உள்ளே, சின்னச் சின்னத் தட்டல்களால் தளர்த்தினால் நடுப்பகுதி தானாகவே பாதி எழும்பிவிடும். பின்னால் முண்டு கொடுக்கும் இரும்புக் கட்டையைச் சுத்தியலுக்கு நேரெதிரே பிடித்தால் தகடு நசுங்கி விரியும். பள்ளத்தின் அடியில் கட்டையை வைத்துப் பக்கத்து மேட்டில் தட்டினால், விரியாமல் சமப்படும். விரிந்துவிட்ட தகடு அமுக்க அமுக்கத் துள்ளும்; அதை வாயுச் சுடர் வைத்துச் சுருக்குவார்கள், அது கராச்சுக்காரர் கைப்பழக்கம்.

மிச்சப் பள்ளத்தை நிரப்பப் புட்டி என்ற பசை. 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். அதில் சேர்க்கும் சிவப்புப் பசையிலுள்ள பெரொட்சைட்டுத்தான் பொலியெஸ்ரர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் தாக்கத்தைத் தொடக்குகிறது. பொதுவாக நிறையில் 2 சதவீதம். வெப்பம் கூடினால் தாக்கமும் விரையும், அதனால் மத்தியான வெய்யிலில் பலகையில் குழைக்கும்போதே இறுகிவிடும்; காலையில் செய்யுங்கள். இறுகிய புட்டிக்குள் கற்றூள் நிறைந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் உப்பைக் கையாலேயே உள்ளே அனுப்பியதாகும். புட்டியைக் காய்ந்தபடியே தேய்த்து, தூசியைத் துடைத்து, உடனே பிறைமரால் மூடுங்கள்.

கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். தகட்டில் கவ்வும் காந்தம், புட்டி தடித்த இடத்தில் நழுவி விழும்.

கடைசியாகக் கதவின் கீழ்விளிம்பிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை விசிறிவிடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேறப் பாதை அந்தத் துளைகள் மட்டுமே. வாடைக்காற்று மழையைக் கொண்டுவருமுன், புரட்டாதிக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.