பிளாக்பெர்ரி நாவல் பழம் அல்ல

வகுப்புக்கு வந்த ஒரு பயிற்சித்தாளில் பிளாக்பெர்ரி படத்தைப் போட்டு, கீழே 'நாவல் பழம்' என்று அச்சடித்திருந்தார்கள். எத்தனையாவது தடவை இது! சமையல் குறிப்பிலும் இதுதான், இணைய அகராதியிலும் இதுதான். ஒரு சிறுமி கேட்டாள்: “மிஸ், ஸாம்ப்லோனுக்குள்ளே ஒரே கொட்டைதானே? இது குட்டிக் குட்டி மணியாக இருக்கிறதே?” மொரீசியஸில் நாவலை ஸாம்ப்லோன் என்போம். தின்று நாக்கு ஊதாவான பிள்ளைக்குத் தெரிந்தது மொழிபெயர்த்தவருக்குத் தெரியவில்லை.

பெர்ரி பழைய ஆங்கிலச் சொல். ஒரு காலத்தில் திராட்சையைக்கூட 'வைன்பெர்ரி' என்றார்கள். சின்னச் சாறுப் பழம் என்றால் பெர்ரி, அவ்வளவுதான். தாவரவியல் பின்னால் வந்து அதே சொல்லை இறுக்கிப் பிடித்தது: ஒரே பூவின் ஒரே சூலகத்திலிருந்து வந்து, உள்ளே கல்லோடு இல்லாமல் சதையாக இருப்பதுதான் பெர்ரி. அப்படிப் பார்த்தால் தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம் எல்லாம் பெர்ரி. பிளாக்பெர்ரி பெர்ரி இல்லை!

அதன் ஒரே பூவில் பல சூலகங்கள். ஒவ்வொன்றும் விதையோடு ஒரு குட்டிப் பழமாகி, நடுத்தண்டைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. பாடநூல்கள் இதைத் திரள்கனி என்கின்றன. பறித்துப் பாருங்கள். வெள்ளைத் தண்டு பழத்தோடு வந்தால் பிளாக்பெர்ரி. தண்டு செடியிலேயே நின்று, பழம் குல்லாய் மாதிரி குழிவாக வந்தால் ராஸ்பெர்ரி. நிறத்தை நம்பக்கூடாது, பழுக்காத பிளாக்பெர்ரியும் சிவப்புதான். முள்ளில்லாத மரத்தில் காய்த்தால் அது மல்பெரி, நம் முசுக்கட்டை. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டையும் 'மூர்' என்பதால் இங்கே குழப்பம் இன்னும் கூடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கருஞ்சதைக்கனி' என்று ஒரு நண்பர் வாதாடினார். சதைக்கனி என்பது தாவரவியல் பெர்ரிக்கு வைத்த பெயர். எது பெர்ரி இல்லையோ அதன் தலையில் கொண்டுபோய் அதைக் கட்டினால், நாளை பாடம் நடத்துகிறவர் என்ன செய்வார்? சொல்லைப் பார்த்துப் பெயர்த்திருக்கிறார், பழத்தைப் பார்க்கவில்லை. இப்போதைய மொழிபெயர்ப்பில் பாதி இப்படித்தான் நடக்கிறது. 'கருங்கனி' என்றால் எந்தக் கறுப்புப் பழமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் நாவல் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஓங்கி வளரும் மரம், இது முட்புதர். நாவலந்தீவு என்று ஒரு நிலத்துக்கே பெயர் தந்த மரம் அது. ஔவையிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று முருகன் கேட்டது அதன் கிளையில் இருந்துகொண்டுதான். காவடிக்கு இந்தக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, முருகனை முட்புதரில் உட்கார வைத்து நினைக்கவேண்டுமா?

நான் 'கருந்திரள்பழம்' என்கிறேன். கறுப்பு, திரள், பழம் மூன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. ராஸ்பெர்ரியைச் 'செந்திரள்பழம்' என்று பக்கத்தில் வைக்கலாம். பிடிக்காவிட்டால் பிளாக்பெர்ரி என்றே எழுதுங்கள், தவறான தமிழைவிட அது மேல். நம் மலைக்காட்டில் சட்டையைக் கிழிக்கும் பிக்கான் லூலூ என்ற முட்செடியும் பிளாக்பெர்ரியின் அதே ரூபஸ் பேரினம்தான் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அப்புறம் எல்லாத் தாள்களிலும் 'நாவல்' என்பதைப் பேனாவால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.