ஸ்க்ராட்ச் என்பது களம், பத்தாயம் அன்று

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமைக் காலையில், முனைவர் பட்டத்தின் இறுதி ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் மடிக்கணினியைத் திறந்தபடியே எங்கள் அறைக்குள் வந்து, “சார், ஃபோல்டர் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை” என்றார். திரையில் 48 புற்றுநோய்த் திசு மாதிரிகளின் ஆர்என்ஏ ஆய்வு முடிவுகள் வரிசையாக, எல்லாம் சிவப்பு எழுத்தில் நின்றன. பல கணினிகளை இணைத்த கிளஸ்டரின் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பே போதும்: பெயர் இருக்கிறது, கோப்பு போய்விட்டது. இந்த ஆண்டில் இது ஐந்தாவது முறை.

அவர் கவனக்குறைவானவர் அல்லர். நெக்ஸ்ட்ஃப்ளோ என்னும் மென்பொருளில், ஆய்வுப் படிகளை வரிசையாக ஓட்டும் பைப்லைனைத் தாமே எழுதி, வேலையை ஸ்க்ராட்ச் என்னும் பொதுவான தற்காலிகச் சேமிப்பிடத்தில் ஓடவிட்டு, முடிவுகள் ஹோம் என்னும் தம் சொந்தச் சேமிப்பிடத்தில் வந்து சேரும்படி அமைத்திருந்தார். ஆனால், வேறு எதையும் குறிப்பிடாவிட்டால் நெக்ஸ்ட்ஃப்ளோ முடிவுகளை நகலெடுப்பதில்லை. ஸ்க்ராட்சில் உள்ள கோப்பைச் சுட்டும் சிம்லிங்கை மட்டும் வைக்கிறது. எங்கள் விதிப்படி 60 நாள் தொடப்படாத கோப்புகள் ஸ்க்ராட்சிலிருந்து நீக்கப்பட்டபோது, ஹோமில் எஞ்சியவை வெறும் சுட்டிகள்தாம்.

அடுத்த கேள்வியையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: “பேக்கப்பிலிருந்து எடுத்துத் தரலாமே?” ஸ்க்ராட்சுக்குப் பேக்கப் கிடையாது. கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட படிவத்திலும், உள்நுழையும் ஒவ்வொரு முறையும் திரையில் வரும் அறிவிப்பிலும் இது எழுதப்பட்டிருக்கிறது.

“இவ்வளவு பெரிய இயந்திரம், ரெய்டு இருக்கிறது, எப்படி அழியும்?” என்று பேராசிரியர்களே கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானால் அதிலிருந்தவற்றை மற்ற டிஸ்குகளைக் கொண்டு மீட்க முடியும். பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அதற்கு மட்டும்தான். நீங்கள் அழிக்கச் சொன்னால் அது எல்லா டிஸ்குகளிலும் ஒரே நேரத்தில், மிகக் கீழ்ப்படிதலோடு அழிக்கும். தவறான கோப்பை மேலெழுதினால், தவறானதையே பத்திரமாகப் பாதுகாக்கும். பேக்கப் என்பது வேறோர் இடத்தில், வேறொரு சாதனத்தில், முந்தைய தேதியிட்டு இருக்கும் நகல்; ரெய்டு அது அன்று, எந்நாளும் ஆகாது. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில், பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றி நிறுவியதால், 77 டெராபைட் அளவுக்கு ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. பாதிக்கப்பட்ட 14 ஆய்வுக் குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. அங்கேயே அப்படியென்றால், இங்கே எங்களை நம்பி உறங்காதீர்கள்.

நெல்லைக் களத்தில் அடிக்கிறோம். இரவோடு இரவாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்தாயத்தில் கொட்டுகிறோம். ஸ்க்ராட்சும் களம்தான், அடுத்தவர் கதிரும் அங்கே வந்தாக வேண்டும். ஸ்க்ராட்ச் இயங்கும் லஸ்டர் போன்ற கோப்பு முறைமை நிரம்ப நிரம்ப அனைவருடைய வேலையும் மந்தமாகும் என்பதால்தான் துடைக்கிறோமே தவிர, வன்மத்தால் அல்ல.

ஆகவே வேலை முடிந்த அன்றே முடிவுகளை நகலெடுங்கள். சிம்லிங்க் இருந்தால் அதன் பின்னால் உள்ள உண்மைக் கோப்பு வருகிறதா என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைத்த டார் கோப்பைப் பிரிக்கும்போது உள்ளிருப்பவை தங்கள் பழைய தேதியோடே வெளிவரும். கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியை வைத்துத் துடைக்கும் கிளஸ்டராக இருந்தால், நேற்றுப் பிரித்தது இன்று போய்விடலாம். வாரந்தோறும் ஸ்கிரிப்ட் ஓட்டித் தேதியை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருக்கும் புத்திசாலிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: எங்களுக்குத் தெரிகிறது. பதற்றத்தில் நோயாளிகளின் மரபணுத் தரவைச் சொந்த கூகுள் டிரைவில் ஏற்றவோ, எல்லோரும் படிக்கவும் மாற்றவும் முடியும்படி 777 அனுமதி கொடுக்கவோ வேண்டாம். நெறிமுறைக் குழுவுக்கு நீங்கள் கொடுத்த உறுதிமொழியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாணவர் கணக்கில் அவர் உண்மையாகவே திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த மாணவிக்கு நாங்கள் அனுப்பிய மூன்று எச்சரிக்கைகளும் இன்றும் படிக்கப்படாமலே கிடக்கின்றன.

ஆர்என்ஏவை வரிசைப்படுத்தித் தந்த நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் ஆய்வக அலமாரியில் கிடந்ததால் மூலத் தரவு தப்பியது. கிளஸ்டரில் முறை வரும்வரை காத்திருந்ததையும் சேர்த்து ஒன்பது நாட்களில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினோம். ஆனால் எந்த அளவுருக்களோடு முதலில் ஓட்டினார் என்ற கோப்பையும் அவர் ஸ்க்ராட்சிலேயே வைத்திருந்தார். கட்டுரையில் அச்சிட்ட அட்டவணையோடு புதிய எண்கள் பொருந்தவில்லை. இப்போது ஆய்விதழுக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.