அல்பிரசோலத்துக்குப் பாசம், எஸ்சிடாலோபிராமுக்குப் பயம்

"மேடம், இந்த மாத்திரை போட்டா அடிமையாயிடுவோமாமே?"

மனநல ஓபில பதட்டத்துக்கு எஸ்சிடாலோபிராம் எழுதினா தினமும் கேக்கற கேள்வி. கேள்வி தப்பில்ல, கேக்கத்தான் வேணும். எனக்குக் கடுப்பாகறது எங்கன்னா, இதக் கேக்கறவங்க சட்டைப் பாக்கெட்லயோ ஹேண்ட்பேக் சைடு ஜிப்லயோ ஏற்கனவே ஒரு அட்டை அல்பிரசோலம், அதாவது படபடப்ப உடனே அடக்கி தூக்கம் வர வைக்கற மாத்திரை, இருக்கும். வருஷக்கணக்கா தெருமுனை மெடிக்கல்ல சீட்டே இல்லாம வாங்கினது. என்னென்ன மாத்திரை போடறீங்கன்னு கேட்டா பிரஷருக்கு, சுகருக்குன்னு எல்லாம் சொல்வாங்க, இது மட்டும் அவங்க கணக்குலயே வராது. நானா நோண்டிக் கேட்டாத்தான், "அதுவா, அது சும்மா தூக்கத்துக்கு மேடம், பாதிதான் போடறேன்."

போன வாரம் வந்த கேஸுக்கு அப்புறம் இத எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன். அடையாளம் தெரியாத மாதிரி விவரத்தையெல்லாம் மாத்தியிருக்கேன். நாப்பது வயசு தாண்டினவர், சொந்தமா கடை. சில வருஷம் முன்னாடி பஸ்ல போய்ட்டிருக்கும்போது திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்து, கை கால் நடுங்கி, மூச்சு முட்டி, உசுரு போகப்போகுதுன்னே நினைச்சு பாதி வழில இறங்கி ஆட்டோ புடிச்சு கேஷுவாலிட்டிக்கு ஓடியிருக்கார். ஈசிஜி நார்மல். அடுத்த மாசம் மறுபடி அதே கூத்து. எக்கோ, டிரெட்மில், தைராய்டு, கடைசில எண்டோஸ்கோப்பி வரைக்கும் பாத்தாச்சு, எல்லாம் நார்மல், கேஸ் ட்ரபிள்னு காலைல வெறும் வயித்துல போட ஒரு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு டாக்டர் சரியாப் புடிச்சு இது பேனிக் அட்டாக் (திடீர்னு தாக்கற பயம்)னு சொல்லி எஸ்சிடாலோபிராமும், முதல் ரெண்டு வாரத்துக்கு மட்டும்னு கொஞ்சம் அல்பிரசோலமும் எழுதியிருக்கார். ரொம்பச் சரியான சீட்டு. நம்மாளோட மச்சான் ஒருத்தர், "மாமா, இதெல்லாம் மெண்டல் மாத்திரை, ஒருதடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது"ன்னு சொன்னதும் எஸ்சிடாலோபிராம பத்தே நாள்ல நிறுத்திட்டார். அல்பிரசோலத்த வச்சுக்கிட்டார். அதுதான் உடனே கேக்குதே! ராத்திரி ஒண்ணுன்னு ஆரம்பிச்சது காலைலயும் ஒண்ணு, கடைல ஏதாவது வாக்குவாதம்னா இன்னொண்ணுன்னு ஏறிக்கிட்டே போயிருக்கு. இப்ப சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போன எடத்துல அட்டை தீந்துபோச்சு. அந்த ஊர் மெடிக்கல்ல சீட்டு இல்லாம தரமாட்டேன்னுட்டாங்க (அந்தக் கடைக்காரருக்கு ஒரு பெரிய கும்பிடு). ரெண்டு நாள் தூக்கமே இல்ல, கை நடுக்கம், வேர்வை, மூணாம் நாள் மண்டபத்துலயே வலிப்பு.

இதுக்கு முன்னாடி வலிப்பே வந்ததில்லாத மனுஷன். மூளை ஸ்கேன் நார்மல். கூட வந்த அதே மச்சான் என்கிட்டயே சொல்றார், "அந்த மெண்டல் மாத்திரையோட பின்விளைவு மேடம் இது, நான் அப்பவே சொன்னேன்." அத நிறுத்தி வருஷக்கணக்காச்சு சார்!

சரி. பொறுமையா சொல்றேன், ஏன்னா இந்த ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா எனக்குப் பாதி வேலை கொறஞ்சுடும்.

அல்பிரசோலம், குளோனாசிபாம், லோராசிபாம், டயாசிபாம், இதெல்லாம் ஒரே குடும்பம். போட்ட அரைமணி, ஒருமணி நேரத்துல படபடப்பு அடங்கிடும், அதனாலதான் இதுமேல அவ்ளோ பாசம். ஆனா தினமும் போட்டா சில வாரத்துலயே உடம்பு பழகிடும். அதே அளவுக்கு அதே பலன் கிடைக்காது, கூட்டணும். நிறுத்தினா நீங்க எதுக்காக ஆரம்பிச்சீங்களோ அந்தப் படபடப்பே ரெண்டு மடங்கா திரும்பி வரும். அதப் பாத்துட்டு "ஐயோ எனக்கு இன்னும் வியாதி போகல"ன்னு மறுபடி போடுவீங்க. அல்பிரசோலம் உடம்புல கொஞ்ச நேரம்தான் நிக்கும், சீக்கிரம் எறங்கிடும், அதனால இந்த ஊஞ்சல் இன்னும் வேகமா ஆடும். பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். அடிமைத்தனம்னு நீங்க எதுக்குப் பயப்படறீங்களோ அது இந்த மாத்திரைலதான் இருக்கு.

எஸ்சிடாலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்சிட்டின் வேற குடும்பம். இது மூளைல எப்படி வேலை செய்யுதுங்கற செரோடோனின் கதையெல்லாம் இங்க வேணாம், விடுங்க. இத போட்டா யாருக்கும் ஜிவ்வுன்னு ஏறாது. இன்னும் ஒண்ணு வேணும்னு மனசு அலையாது. மாசாமாசம் அளவு கூட்டச்சொல்லி உடம்பு கேக்காது. ராத்திரி ஒரு மணிக்கு எஸ்சிடாலோபிராம் வேணும்னு மெடிக்கல் ஷட்டரத் தட்டின ஒரு ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. திடீர்னு நிறுத்தினா சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வாரம் தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள சுள்ளுன்னு கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், அது நெஜம், சில பேருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும், அதனாலதான் மெதுவா கொறைச்சு நிறுத்தறோம். அதுக்குப் பேரு அடிமை இல்ல. தைராய்டு மாத்திரைய வருஷக்கணக்கா போடறாங்க, தைராய்டு மாத்திரைக்கு அடிமையாயிட்டேன்னு யாராவது அழுது பாத்திருக்கீங்களா? அங்க வராத வார்த்தை இங்க மட்டும் எப்படி வருது? மனசுக்குன்னு ஒரு மாத்திரை போடறதே தோல்வின்னு நமக்குள்ள எங்கயோ பதிஞ்சு கெடக்கு, அந்த வெக்கம்தான் 'அடிமை'ங்கற வேஷம் போட்டுக்கிட்டு வருதுன்னு நான் நினைக்கறேன்.

நான் ஒண்ணும் புதுசா சொல்லல. அல்பிரசோலத்துக்கு அமெரிக்காவுல 1981ல அனுமதி குடுத்தாங்க. இந்தக் குடும்பத்து மாத்திரை எல்லாத்தோட லேபிள்லயும் பழக்கமாகறது, நிறுத்தினா வர்ற ஆபத்து ரெண்டையும் கட்டம் கட்டிப் போடணும்னு அவங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020ல உத்தரவு போட்டுச்சு. நம்ம நாட்டுல 2014 மார்ச்ல இருந்தே அல்பிரசோலம் ஷெட்யூல் எச் ஒன் மருந்து, சீட்டு இல்லாம விக்கக் கூடாது, வித்தா யாருக்கு, எந்த டாக்டர் சீட்டுக்கு, எவ்ளோன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். சட்டம் கரெக்டாத்தான் இருக்கு. மெடிக்கல் அண்ணன்மார்களே, தெரிஞ்ச முகம், பழைய கஸ்டமர்னு நீங்க நீட்டற அந்த ஒரு அட்டைதான் எங்க வார்டுல வந்து படுக்குது, கோவிச்சுக்காதீங்க.

எங்க ஆளுங்களையும் சேத்தே சொல்லிடறேன். ரெண்டு வாரத்துக்குன்னு எழுதறோம், அத நிறுத்த ஒரு தேதி சீட்டுலயே எழுதறமா? ஓபி கூட்டத்துல வாயால சொல்றது வீட்டு வாசல் வரைக்கும்கூட நிக்காது.

அல்பிரசோலம் விஷம்னு சொல்ல வரல. முதல் சில வாரம் மத்த மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கற வரைக்கும் ஒரு கைத்தாங்கலா நாங்களே குடுப்போம். ஆனா ராத்திரி ஒரு கட்டிங் போட்டுட்டு இதையும் போடறவங்க இருக்காங்க பாருங்க, ரெண்டும் சேந்தா மூச்சே நின்னுபோகலாம், வெளையாட்டு இல்ல இது. வயசானவங்களுக்கு ராத்திரி பாத்ரூம் போறப்ப தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு ஒடையும், ஞாபக மறதியும் கூடும். பரீட்சைக்கு முன்னாடி அம்மாவோட அட்டைலருந்து பாதி உடைச்சுப் போடற பிள்ளைங்களே, படிச்சது மனசுல நிக்கறதையே அது கெடுக்கும், தெரியுமா? படபடப்புக்குன்னே இன்னொண்ணு புழங்குது, புரொப்ரனலால். பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்கன்னு ஆஸ்துமா இருக்கவங்க அத போட்டுடாதீங்க, மூச்சுத்திணறல் வந்துடும்.

ரொம்ப முக்கியமா, இதப் படிச்சுட்டு ஆவேசமா இன்னிக்கே அட்டையத் தூக்கிக் குப்பைல போடாதீங்க ப்ளீஸ்! பல மாசமா போடறவங்க டாக்டர் பாத்து வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும். வலிப்பு வந்த அந்தக் கடைக்காரருக்கும் இப்ப அதான் நடக்குது, வேற மெதுவான மாத்திரைக்கு மாத்தி சொட்டு சொட்டா கொறைக்கறோம். கூடவே, அன்னிக்கு பத்து நாள்ல விட்ட அதே எஸ்சிடாலோபிராமும் ஓடுது.

அந்தப் பத்து நாள் கணக்கையும் சொல்லிடறேன். இந்த மாத்திரை வேலை செய்ய ரெண்டு வாரத்துலருந்து ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல், வயிறு ஒரு மாதிரி, சில பேருக்கு பதட்டம் கொஞ்சம் கூடக் கூடும், அதனாலதான் கொறஞ்ச அளவுல ஆரம்பிக்கறோம். மக்கள் கரெக்டா அந்த வாரத்துல நிறுத்தறாங்க, கஷ்டத்த மட்டும் வாங்கிக்கிட்டு பலன் வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போற மாதிரி. சின்ன வயசுப் பிள்ளைங்கள, 25 வயசு வரைக்கும்னு வச்சுக்கங்க, ஆரம்ப வாரங்கள்ல வீட்டுல கவனிச்சுக்கணும், வாழ்க்கையே வேணாங்கற மாதிரி பேச்சு வந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். அப்புறம் ஆம்பளைங்க வாயே தெறக்காத ஒண்ணு, தாம்பத்தியத்துல பிரச்சனை வரலாம். வந்தா சொல்லுங்க, அளவு கொறைக்கலாம், மாத்திரையே மாத்தலாம், நிறைய வழி இருக்கு. கூச்சப்பட்டு சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு பேனிக்கோட வந்து நிக்காதீங்க. நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசத்துலருந்து ஒரு வருஷம் தொடரணும், அதுக்கப்புறம் நிறையப் பேருக்கு நிறுத்திடலாம். கர்ப்பமானா நீங்களா நிறுத்தாதீங்க, உடனே வந்து பாருங்க.

மாத்திரை ஒரு பாதிதான். பேனிக்கோட இன்னொரு பாதி, மறுபடி வந்துடுமோங்கற பயம். பஸ்ல கதவுப் பக்கத்துலதான் உக்காருவாங்க, போற வழில எந்த ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு மனப்பாடம், தண்ணி பாட்டில் இல்லாம வெளிய கெளம்ப மாட்டாங்க, அப்புறம் பஸ்ஸே வேணாம், கல்யாணம் காட்சி வேணாம், தனியா கடைக்கும் போக முடியாது. இதுக்கு சிபிடின்னு ஒரு சிகிச்சை இருக்கு, சும்மா உக்காந்து அட்வைஸ் கேக்கறது இல்ல. பயப்படறதையே கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு பழகறது. நெஞ்சு படபடத்தா செத்துருவேன்னு நம்பறவங்கள, இதயம் நல்லாருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு, வேணும்னே படியேற வச்சு படபடக்க வைப்போம். நானும் கூடவே ஏறுவேன், மேல போய்ச் சேந்ததும் யாருக்கு அதிகமா மூச்சு வாங்குதுன்னு பாத்தா பெரும்பாலும் எனக்குத்தான். பத்து நிமிஷத்துல அடங்கிடும். அடங்குதுங்கறத காதால கேக்கறது வேற, சொந்த உடம்புல பாக்கறது வேற.

வீட்டுல இருக்கவங்களுக்கு: "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நெனப்புதான், தைரியமா இரு"ன்னு சொல்றத தயவுசெஞ்சு நிறுத்துங்க. அவங்க நடிக்கல. அட்டாக் வந்தா பக்கத்துல உக்காருங்க, ஃபேனு, தண்ணி, சோடான்னு பத்து பேர் சுத்தி ஓடாம, மூச்ச மெதுவா நீளமா வெளிய விடச்சொல்லி கூடவே விடுங்க. ஆனா பாசத்துல எல்லாத்தையும் நீங்களே செஞ்சும் குடுத்துடாதீங்க. "பாவம் அவளால முடியாது"ன்னு பால் வாங்கறதுலருந்து பேங்க் வரைக்கும் வீட்டுக்காரரே ஓடினா அவங்க ஒலகம் சமையக்கட்டுக்குள்ள சுருங்கிடும். முதல்ல கூட நடங்க, அடுத்து தெருமுனைல நில்லுங்க, அப்புறம் தனியா அனுப்புங்க. தர்காவுல ஓதிக்குங்க, கோயில்ல மந்திரிச்சுக்குங்க, ஜெபம் பண்ணுங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க.

முதல்தடவை நெஞ்சுவலின்னா, அதுவும் நாப்பது தாண்டின ஆளு, சுகர், பிரஷர், பீடி சிகரெட் இருக்கவங்கன்னா, பேனிக்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஈசிஜிதான் முதல். எல்லாம் நார்மல்னு ஆனதுக்கு அப்புறமும் அஞ்சாவது எக்கோவுக்கு அலையறவங்களத்தான் எங்கள வந்து பாருங்கன்னு கூப்பிடறேன்.

2015-16ல பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் நடத்தின தேசிய மனநல சர்வேல, பதட்டம், மனச்சோர்வு மாதிரி பிரச்சனை இருக்கவங்கள்ல ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு சிகிச்சையே போய்ச் சேரலன்னு தெரிஞ்சுது. எனக்கென்னமோ அதுல பாதிப் பேரு மெடிக்கல் கவுண்டர்லதான் நிக்கறாங்கன்னு தோணுது. காசு இல்லன்னு யோசிக்காதீங்க, ஜில்லா தலைமை ஆஸ்பத்திரிலயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை இலவசம். நேர்ல வரத் தயக்கமா இருந்தா 14416க்கு ஃபோன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலி மானஸ், 2022 அக்டோபர்ல இருந்து நடக்குது, ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயே பேசலாம்.

வரும்போது பழைய சீட்டு, ஈசிஜி கட்டு, இப்ப போடற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பைல போட்டு எடுத்துட்டு வாங்க. "வெள்ளையா, சின்னதா, உருண்டையா இருக்கும் மேடம்"னு சொன்னா எனக்கு ஒரு எழவும் புரியாது.