மயங்கி விழும்வரை காத்திருக்காதீர்கள்

“மயக்கமெல்லாம் போடவில்லை, டாக்டர்.” இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாக ஒரு பயிற்சியாளர் வாயிலிருந்து இதைக் கேட்கிறேன். அவர் அழைத்து வந்திருந்த 14 வயதுக் குத்துச்சண்டை மாணவன், கையில் சுற்றிய துணியின் முனை எங்கே என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தான். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், எதிரே நின்றவன் பெயரைக் கேட்டதற்குப் பயிற்சியாளர் முகத்தைப் பார்த்தான். தலையில் அடி வாங்கிய பிறகும் அவனை இரண்டு சுற்று ஆடவிட்டிருக்கிறார்கள்.

தலையில் விழும் அடியால் மூளை குலுங்கிப் பாதிக்கப்படுவதுதான் மூளையதிர்ச்சி. அதற்கு மயக்கம் கட்டாய அடையாளம் அல்ல. அதற்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நினைவு தப்பாமல்தான் இருப்பார்கள். கால் தள்ளாடுவதும், சொன்னதையே திரும்பக் கேட்பதும், வெளிச்சத்தில் கண் கூசுவதும், காரணமின்றி எரிந்து விழுவதும்தான் அதன் அடையாளங்கள். அவற்றில் சில பல மணி நேரம் கழித்தே தலைகாட்டும். “ஸ்கேனில் ஒன்றுமில்லை” என்பதும் சமாதானமாகாது. சி.டி. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது. மூளையதிர்ச்சி அதில் தெரியாது. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர, மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது.

நான் பயிற்சியாளர்களிடமே மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. வீரன் ஒருபோதும் “போதும்” என்று சொல்லமாட்டான். நடுவர் அவனைப் போட்டியன்று மட்டுமே பார்க்கிறார். அவன் வழக்கமாக எப்படி நிற்பான், எப்படிப் பேசுவான் என்பது பயிற்சியாளருக்கு மட்டுமே தெரியும். 1975இல் மணிலாவில், முகமது அலியுடன் மோதிய ஜோ ஃப்ரேசியர் வருகிற குத்தைப் பார்க்க முடியாத அளவுக்குக் கண் வீங்கிப்போன நிலையிலும் தொடரத் துடித்தார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் 14ஆம் சுற்றோடு ஆட்டத்தை நிறுத்தினார். உலகப் பட்டத்துக்கான ஆட்டத்திலேயே அது முடிந்ததென்றால், ஒரு மாலைப் பயிற்சியை நிறுத்துவதில் என்ன தயக்கம்?

சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மறுபேச்சு வேண்டாம். முதல் அடி ஆறுமுன் விழும் இன்னொரு அடி, அரிதாகவேனும், சிறுவர்களின் மூளையைத் திடீரென வீங்கச் செய்து உயிரையே பறித்துவிடும். தொடர் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத உறக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். தயவுசெய்து, அடிபட்ட பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். என்ன நடந்தது என்பதைப் பெற்றோரிடம் நீங்களே சொல்லுங்கள்.

“அடுத்த வாரம் போட்டி இருக்கிறதே” என்றார் அந்தப் பயிற்சியாளர். போட்டியிலிருந்து பையனின் பெயரை நீக்கிவிடுமாறு அவரிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கு அப்போதும் எதிரே நின்றவன் பெயர் நினைவுக்கு வரவில்லை.